வெட்டிப் பார்க்க ஒரு துண்டு

கண்ணு, பொத்தேரியில் ரயில் ஏறினால் மறைமலைநகர் இரண்டாவது நிறுத்தம். அங்கே சிஎன்சி பிரிவில் நீ சேரப்போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. மெஷினை ஓட்ட உன் சூப்பர்வைசர் சொல்லித்தருவார். நான் சொல்ல நினைப்பது ஜாபைத் தொடுவதற்கு முன் வெட்டிப் பார்க்கும் ட்ரையல் பீஸைப் பற்றி. தூக்கி எறியப்போகும் துண்டுதானே என்று அதை அலட்சியமாக வெட்டுகிறவரின் ஜாபை நான் நம்பியதில்லை.

1. ட்ரையல் பீஸ் கேட்க வெட்கப்படாதே. கேட்டால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குகிறார்கள். எச்எம்டி லேத்தில் எனக்குக் கைப்பழக்கம் தந்த பெரியவர், ஓய்வு பெறும்வரை புது செட்டிங் என்றால் முதலில் ஒரு துண்டு கேட்டுத்தான் வாங்குவார். உன் கைக்கு வரும் ஜாபில் ஃபோர்ஜிங் செய்தவர், டர்னிங் பிடித்தவர், ஹீட் ட்ரீட்மெண்ட் பார்த்தவர் எல்லாருடைய உழைப்பும் ஏறியிருக்கும். அதைக் கெடுத்தால் உன் வேலை மட்டுமா கெடுகிறது? மெஷினையே இப்படித்தான் சோதிக்கிறார்கள். 1969-இல் அமெரிக்க விமானத் தொழில்துறை வகுத்த என்ஏஎஸ் 979 தரநிலையில் வட்டமும் சாய்சதுரமும் சதுரமும் கொண்ட ஒரு சோதனைத் துண்டு உண்டு. அதை வெட்டி அளந்துதான் மில்லிங் மெஷினின் துல்லியத்தைப் பார்க்கிறார்கள்.

2. எதைச் சோதிக்கிறாய் என்று தெரிந்து துண்டைத் தேர்ந்தெடு. டூல் போகும் பாதையை மட்டும் பார்க்க மெழுகோ நைலானோ போதும். அளவைப் பார்க்க வேண்டுமானால் ஜாபின் அதே உலோகம், அதே கடினம், அதே பிடிப்பு வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் அந்தச் சோறு அதே பானையில் வெந்திருக்க வேண்டும். அலுமினியத்தில் சரியாக வந்த துளை, ஈஎன்8 எஃகில் சிறுத்து வரும். வெட்டு கடினமானதும் போரிங் பார் வளைந்து கொடுத்துவிடும். மெல்லிய ஸ்லீவ் ஒன்றுக்கு கெட்டியான கம்பியில் ட்ரையல் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ட்ரையல் அச்சு அசல் வட்டம். ஸ்லீவும் மூன்று தாடைச் சக்கில் இருக்கும்வரை வட்டம்தான். கழற்றியதும் மூன்று பக்கம் உப்பிப்போனது.

3. துண்டை வெட்டுவதற்கு முன் காற்றில் ஒருமுறை ஓட்டு. சிங்கிள் பிளாக்கில் வை, ஃபீடைக் குறை, விரலை ஃபீட் ஹோல்டை விட்டு எடுக்காதே. ப்ரோக்ராமில் தசமப் புள்ளிகளையும் பார். பல ஃபேனக் கண்ட்ரோல்களில் எக்ஸ்10 என்று புள்ளியில்லாமல் அடித்தால் அது பத்து மில்லிமீட்டர் இல்லை, பத்து மைக்ரான்.

4. கடைசி வெட்டை எப்படி எடுக்கப்போகிறாயோ அப்படியே ட்ரையலிலும் எடு. ட்ரையலில் அரை மில்லிமீட்டர் ஆழம் வெட்டி ஆஃப்செட்டைத் திருத்திவிட்டு, ஜாபில் மிக மெல்லியதாக மேலாகத் தடவினால் டூல் வளையும் அளவே வேறு. பலர் மெஷினைத் திட்டுவது இதற்காகத்தான்.

5. ஆறவிட்டு அள. 1931-லிருந்து நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் 20 டிகிரி செல்சியஸ்தான் அடிப்படை. நம் ஊர் சித்திரையில் பட்டறைக்குள் 35 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் 100 மில்லிமீட்டர் எஃகு ஏறத்தாழ 17 மைக்ரான் நீண்டிருக்கும். அலுமினியம் அதைப்போல் இரண்டு மடங்கு. மைக்ரோமீட்டரும் எஃகு என்பதால், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் எஃகு ஜாபில் பெரும்பாலும் சரிக்கட்டிப் போகும். அலுமினியத்தில் போகாது. இப்போதுதான் வெட்டிய துண்டு இன்னும் சூடாக இருக்கும். சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வா. அவசரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். பொறுமையாகச் சொல், அவர்களுக்கும் புரியும்.

6. இதுதான் முக்கியம், கண்ணு. ட்ரையல் பீஸைப் பாஸ் செய்ய வைக்காதே. ஒரு பட்டறையில் ஷாஃப்ட் ட்ரையல் எட்டு மைக்ரான் கூடுதலாக வந்தது. செட்டிங்கைத் திருத்தாமல் எமரித் தாளால் தேய்த்து அளவுக்குள் கொண்டுவந்து இன்ஸ்பெக்ஷனுக்குக் கொடுத்தார்கள். துண்டு பாஸ். அதை நம்பி இரவு ஷிஃப்ட் முழுவதும் ஓட்டிய லாட் திரும்பி வந்தது. தேய்த்தவர் கெட்டவர் இல்லை, வீட்டுக்குப் போகும் நேரம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டுக்கு இருந்த ஒரே வேலை உண்மையைச் சொல்வது. அதன் வாயை அவர் அடைத்துவிட்டார். பிசிறு எடுக்கலாம், துடைக்கலாம். அதற்கு மேல் தொடாதே. வந்த அளவை வந்தபடி நோட்டில் எழுது. எட்டு மைக்ரான் கூடுதல் என்றால் எட்டு என்றே எழுது. ட்ரையல் தவறாக வந்தால் அது தோல்வி இல்லை. அதற்காகத்தான் அதை வெட்டினாய்.

7. வேலை முடிந்ததும் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தனியே வை. நல்ல பீஸ்களோடு கலந்தால் கண்டுபிடிக்க முடியாது.

8. ஒருமுறை சரியாக வந்தது என்று விட்டுவிடாதே. இன்சர்ட் மாற்றினால், டூல் எங்கேயாவது இடித்தால், வேறு ஹீட்டில் வார்த்த பார் வந்தால் முதல் பீஸை மறுபடி அள. உனக்கு முந்தைய ஷிஃப்டில் ஓட்டியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அள.

9. “நேரமில்லை, நேராக ஜாபிலேயே ஓட்டு” என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். எதிர்த்துப் பேசாதே, ஒரு ஜாப் கெட்டால் என்ன விலை, ஒரு துண்டு என்ன விலை என்று இரண்டையும் தாளில் எழுதிக் காட்டு. இருப்பதே ஒரே காஸ்டிங்தான், வேறு துண்டு இல்லை என்றால், அளவுக்கு வெளியே வெட்டி எறியப்போகும் பகுதியில் முதல் வெட்டை எடுத்துப் பார்க்க அனுமதி கேள். நாளை போனதும், ஸ்க்ராப் பெட்டியில் கிடைத்ததை எடுக்காமல், லாட் வந்த அதே பாரிலிருந்து உனக்கென ஒரு துண்டைக் கேட்டு வாங்கு.