லண்டனில் 'ஃபேன்டம்' பார்க்கப் போகிறீர்களா?

ஹேமார்க்கெட்டில் இருக்கும் ஹிஸ் மெஜஸ்டிஸ் தியேட்டர் 1897-ல் திறந்த அரங்கம். 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா' 1986-ல் அரங்கேறியது இங்கேதான்.

டிக்கெட் எடுக்கும்போது இருக்கை வரைபடத்தை நன்றாகப் பாருங்கள். தரைத்தளத்தின் பின்வரிசைகளுக்கு மேலே மாடி நீட்டிக்கொண்டிருக்கும். முதல் பாதி முடியும்போது சரவிளக்கு பார்வையாளர்களின் தலைக்கு மேலிருந்து இறங்கி வருமே, அது அங்கிருந்து முழுசாகத் தெரியாது. இந்த நாடகத்தில் தவறவிடவே கூடாத காட்சி அது! என் ஓட்டு முதல் மாடிக்குத்தான். உச்சி மாடி மலிவு; ஆனால் படிகள் அதிகம், செங்குத்தும்கூட. முட்டிவலி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

பழைய அரங்குகளில் கால் நீட்ட இடம் குறைவு. பெரிய பைகளைத் தங்குமிடத்திலேயே வைத்துவிடுங்கள். இடைவேளையில் கழிப்பறை வரிசை நீளும், முன்கூட்டியே போய்விடுங்கள். பிக்காடில்லி சர்க்கஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம்.