வெபியில் கூரை வேய்தல்

ஒரு தொழிலை நூலால் அறிவது வேறு; அது நடக்கும் வீட்டில் உண்டு உறங்கி அறிவது வேறு. அந்தமானில் கரேன் மக்கள் வாழும் வெபி என்னும் சிற்றூரில் மூன்று வாரம் ஒரு குடும்பத்தாருடன் தங்கிக் கூரை வேயக் கற்றேன். அதனைக் கொண்டே இவ்வேறுபாட்டை விளக்க முயல்கிறேன்.

கரேன் மக்கள் அந்தமானின் தொல்குடிகள் அல்லர். காட்டு வேலைக்கென ஆங்கிலேயர் 1925-இல் பர்மாவிலிருந்து அவர்களை அழைத்து வந்தனர். மாயாபந்தருக்கு அருகே அவர்கள் அமைத்த ஊரே வெபி. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அங்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே போகிறது. அப்பகுதியில் வண்டிகள் காவலுடன் அணியாகவே செல்ல வேண்டும், இடையில் நிற்கலாகாது. “தொல்குடியினரிடமே தங்கிக் கற்றால் என்ன?” என்று நண்பர் சிலர் கேட்டனர். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் காப்பு ஒழுங்குமுறை அதனைத் தடுக்கிறது. தடுப்பதே நன்று. வந்தவர் கொணர்ந்த நோய்களால், அவற்றுள்ளும் 1877-இல் பரவிய தட்டம்மையால், பேரந்தமானியர் கூட்டம் கூட்டமாக மாண்டனர். விருந்தினரை ஏற்பதும் மறுப்பதும் வீட்டாரின் உரிமை அன்றோ? வெபியில் என்னை ஏற்றனர்.

நம் ஊர்களில் தென்னோலையை இரண்டாகக் கிழித்து, நீரில் ஊறவைத்துக் கிடுகு முடைவர். நான் அங்குக் கண்டதோ நிப்பா என்னும் பனையின் ஓலை. ‘தானிப்பட்டி’ என்பது அதன் உள்ளூர்ப் பெயர். இதன் தண்டு சேற்றுக்குள்ளேயே படர்கிறது. ஓலை மட்டும் வானை நோக்கி எழுகிறது. இது வளர்வது உவர்நீர் ஓடையில். அங்கே முதலை உண்டு! ஆதலின் முதற்பாடம் கத்தியைப் பற்றியது அன்று, நீரைப் பற்றியது. ஓதம் வடியும் வேளை எது, எந்த வளைவில் இறங்கலாம், எதில் இறங்கலாகாது என்பனவற்றை வீட்டுப் பெரியவர் எனக்கு அந்தமான் இந்தியில் சொன்னார். குருத்தையும் அதனை அடுத்த ஓலைகளையும் அவர் தொடவே இல்லை. தொட்டால் மறு ஆண்டு வெட்ட ஒன்றும் இராது.

வீட்டில் மூதாட்டியார்தாம் ஆசிரியர். அவரை நான் ‘நானி’ என்பேன். அவர் என்னைப் ‘பேட்டா’ என்பார். இலைகளை மூங்கில் வரிச்சின் மேல் மடித்து, ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் மேல் படியுமாறு அடுக்கி, பிளந்த பிரம்பு நாரால் தைத்துச் செல்வார். முடைதல் இதில் இல்லை, தைத்தலே உண்டு. நாரை இழுக்கும் அளவைச் சொல்லால் உணர்த்த இயலாது. என் கையின் மேல் தம் கையை வைத்து இழுத்துக் காட்டினார். வயல் வேலை முடிந்த மாலைகளில் பிள்ளைகள் இலை எடுத்துக் கொடுக்க, மருமகள் நார் பிளக்க, வேலை பேச்சோடு பேச்சாக நடந்தது. பின், உலர்ந்த வரிச்சுகளை இறவாரத்தில் தொடங்கி முகடு வரையில் நெருக்கமாக அடுக்கிக் கட்டினோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாடு அது. மே மாதத்துக்குள் கூரை முடிந்தாக வேண்டும்.

இத்தொழில் அருகி வருவதற்கு இளைஞரின் சோம்பலைக் காரணமாகக் கூறுவார் உளர். நான் அதனை ஒப்பேன். 2004 டிசம்பர் 26-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் வட அந்தமானில் பல இடங்களில் நிலம் மேலெழுந்தது. ஓதம் எட்டாத சேற்றில் சதுப்புக் காடுகள் பட்டுப்போயின. ஓடை வற்றினால் ஓலை ஏது? தகரமோ கடையில் கிடைக்கிறது. ஆண்டுதோறும் பழுது பார்க்கும் வேலையும் அதற்கில்லை. ஓலையே உயர்ந்தது என்று அவர்களுக்கு உபதேசம் செய்ய, மூன்று வாரம் தங்கிய எனக்கு என்ன உரிமை?

நான் தங்கிய வீட்டிலும் முன்பகுதிக்குத் தகரமே. அடுக்களைக்கு மட்டும் ஓலை வேண்டும் என்று நானி பிடிவாதமாக இருந்தார். ஓலையினூடே புகை கசிந்து வெளியேறும். அப்புகையே பூச்சியை அண்டவிடாமல் ஓலையைக் காக்கும் என்பது அவர் கூறிய காரணம். அவ்வடுக்களைக் கூரையில் பதினெட்டு வரிச்சுகள் நான் தைத்தவை.