சீட்டுல எவ்வளவு வரை தள்ளலாம்?

ஏலச்சீட்டு போடற தங்கச்சிங்களா, தள்ளி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேப்பரும் பேனாவுமா உட்காருங்க.

1 லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், மாசம் 5,000னு வெச்சுக்குவோம். ரெண்டாவது மாசமே 30,000 தள்ளி எடுத்தா, கைக்கு வர்றது 70,000. தள்ளின பணத்துல சீட்டு நடத்தறவங்க கமிஷன் 5,000 போக, மிச்சம் 25,000 எல்லாருக்கும் கசராப் பிரியும். நம்ம பங்கு 1,250தான். ஏற்கெனவே கட்டின 10,000ஐக் கழிச்சா, உண்மையில நமக்குக் கிடைச்ச கடன் 60,000. இனி 18 மாசம், கசர் போக சராசரியா 4,400 கட்டினாலே 79,200 ஆயிடும். ஒண்ணரை வருஷத்துல 19,200 வட்டி! இதே 60,000ஐ நகைக்கடனா வாங்கி மாசாமாசம் அடைச்சா எவ்வளவு வட்டி ஆகும்னு பேங்க்ல கேளுங்க. சீட்டு அதைத் தாண்டுதுன்னா அந்த மாசம் எடுக்காதீங்க.

ஏலத்துல எதிராளி "இன்னும் ஆயிரம்"னு சொன்னதும் ரோஷம் வந்துடும். கூடுதலாத் தள்ற ஒவ்வொரு 1,000லயும் நமக்குத் திரும்பறது 50 ரூபாய், மத்தவங்களுக்குப் போறது 950. அதனால உச்சத் தொகையை வீட்டுலயே எழுதி வெச்சுட்டுப் போங்க. எழுத்துல கொடுத்துட்டு வர வசதி இருந்தா இன்னும் நல்லது.

ஸ்கூல் ஃபீஸ் கட்டற மாசமும் தீபாவளிக்கு முந்தின மாசமும் போட்டி ஜாஸ்தி. அந்தச் செலவு தெரிஞ்சதுதானே, ரெண்டு மாசம் முன்னாடியே எடுக்கப் பாருங்க.

இன்னொண்ணு, எடுத்த அன்னிக்கே பணம் வந்துடாது. மீதித் தவணைக்கு ஜாமீன் கேப்பாங்க, கையெழுத்துப் போட ஆள் வேணும். நாளைக்கு ஆஸ்பத்திரியில கட்டணும்னு இன்னிக்கு அடிச்சுப் பிடிச்சுத் தள்றவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது. தள்ளின பணமும் போய், கட்ட வேண்டிய நேரத்துல காசும் இருக்காது. ஜாமீன் ஆளை முதல்லயே பேசி வைங்க.

சேரும்போதே 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டான்னு பாருங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம், அதையும் கேட்டுக்கோங்க. பணத்துக்கு அவசரமே இல்லைன்னா கடைசி மாசம் வரைக்கும் விட்டுடுங்க. அப்போ போட்டிக்கு ஆள் இருக்காது, கமிஷன் மட்டும்தான் பிடிப்பாங்க.