காய்ச்சலை முந்துவது எப்படி?

வெளியே வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் 'ஃபுளூ' எனப்படும் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் மிகுதியாகப் பரவும் காலம் இது. அரையாண்டுத் தேர்வும் நெருங்குகிறது. வகுப்பில் ஒருவன் இருமுகிறான். மறுநாள் அவன் வரவில்லை. இரண்டு நாட்களில் அதே பெஞ்சில் இன்னும் இருவர் இல்லை. ஆனால் அவர்களுக்கு நடுவில் அமர்ந்திருந்த நண்பனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "அவனுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம்" என்கிறோம்.

இயற்பியல் ஆசிரியனான எனக்குச் 'சக்தி' என்றதும் ஜூல் அலகுதான் நினைவுக்கு வரும். இந்தச் சக்தியை அப்படி அளக்க முடியுமா? டானிக் குடித்து ஏற்றிக்கொள்ள முடியுமா? பார்ப்போம்.

மூக்கினுள் நியூட்டன் விதி

ஃபுளூ வைரஸின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். பத்தாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகளில் ஏறி இது பயணம் செய்கிறது.

நம் மூக்கின் உட்பாதை வளைந்து செல்வது. காற்று எளிதில் திரும்பிவிடும். பெரிய துளிகளோ நிலைமத்தின் காரணமாகத் திரும்ப முடியாமல் சுவரில் மோதிச் சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. பேருந்து வளைவில் திரும்பும்போது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்வது போலத்தான் இதுவும். சளிப்படலத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத குறு இழைகள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அசைந்து, சளியைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. அதை நாம் விழுங்கிவிடுகிறோம். புகையிலைப் புகை இந்த இழைகளைச் சேதப்படுத்துகிறது. வாயிலில் நின்று காவல் காப்பவனை நாமே அடித்துப் போடுவதற்கு இது சமம்.

காலத்தோடு ஒரு பந்தயம்

மிகச் சிறிய துளிகள் இந்தக் காவலைத் தாண்டிவிடும். செல்லுக்குள் புகுந்த வைரஸ் அரை நாளுக்குள் தன்னைப் போன்ற பல வைரஸ்களை உண்டாக்குகிறது. தாக்கப்பட்ட செல் சும்மா இருப்பதில்லை. 'இண்டர்ஃபெரான்' என்னும் புரதத்தை வெளியிட்டுப் பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் என்னும் இருவர் இதைக் கண்டறிந்தனர். அவர்கள் ஆராய்ந்ததும் ஃபுளூ வைரஸைத்தான். காய்ச்சலும் உடல்வலியும் பெரும்பாலும் இத்தகைய எச்சரிக்கைகளின் விளைவே.

அடுத்து, அந்த வைரஸுக்கென்றே பொருந்தும் எதிர்ப்பொருள்களை வெள்ளணுக்கள் உருவாக்குகின்றன. புதிய வைரஸ் என்றால் இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே தடுப்பாற்றல் என்பது உயர்த்திக் கட்டும் மதிற்சுவர் அன்று. அது ஒரு பந்தயம். வைரஸ் பெருகும் வேகத்தை உடல் முந்த வேண்டும். எல்லை மீறிய எதிர்ப்பும் தீங்கே. ஒவ்வாமை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

உறக்கம் தரும் வேகம்

இந்தப் பந்தயத்தில் நாம் செய்யும் மிகப்பெரிய தவறு கண்விழிப்பு. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். நலமாயிருந்த 25 இளைஞர்களுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டனர். அவர்களில் ஒரு பகுதியினரை அந்நாட்களில் இரவுக்கு நான்கு மணி நேரமே உறங்கவிட்டனர். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்கள் இரத்தத்தில் எதிர்ப்பொருளின் அளவு மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. சில வாரங்களில் அவர்கள் எட்டிப்பிடித்துவிட்டனர் என்பது உண்மையே. ஆனால் பந்தயத்தில் தாமதம் என்றாலே தோல்விதானே! உங்கள் வயதில் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை.

உணவும் மருந்தும்

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவை அதற்கு மூலப்பொருள் தருகின்றன. கீரையும் பழங்களும் வைட்டமின்களைத் தருகின்றன. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி ஏராளம். ஆனால் வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. சளி நீடிக்கும் நாட்களே சற்றுக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மிளகு ரசம் தொண்டைக்கு இதம். வைரஸைக் கொல்லும் மருந்தன்று. ஆஸ்பிரினை நீங்களாக விழுங்காதீர்கள். ஃபுளூவின்போது சிறுவர்களுக்கு அது ஆபத்தை விளைவிக்கக்கூடும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

உடலின் நினைவாற்றல்

ஒருமுறை சந்தித்த வைரஸை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. அதே வைரஸ் மீண்டும் வந்தால் எதிர்ப்பொருள் விரைவில் தயாராகிவிடும். பெஞ்சின் நடுவில் இருந்த நண்பனுக்கு ஒருவேளை இந்த நினைவு உதவியிருக்கலாம். ஆனால் ஃபுளூ வைரஸ் தன் மேலுறைப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய நினைவு அப்போது முழுமையாகப் பயன்படாது. அதனால்தான் ஃபுளூ தடுப்பூசியில் எந்த வகைகள் இடம்பெற வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஆராய்ந்து பரிந்துரைக்கிறது. நோய் வருமுன்னே உடலுக்குக் கிடைக்கும் ஒத்திகை இது.

இந்த ஒத்திகை உங்களைவிட உங்கள் பாட்டிக்கு அவசியம். முதுமையில் தடுப்பாற்றலின் வேகம் குறைகிறது. வகுப்பிலிருந்து நீங்கள் கொண்டுபோகும் வைரஸ் உங்களை மூன்று நாள் படுக்கவைக்கலாம். அவரை மருத்துவமனைக்கே அனுப்பிவிடலாம். எனவே வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள்.

தேர்வுக்கு இன்னும் ஒரு பாடம் மீதமிருக்கிறதா? நாளைக் காலையில் படிக்கலாம். இன்றிரவு நேரத்தோடு விளக்கை அணையுங்கள். நீங்கள் உறங்கும்போதும் உங்கள் வெள்ளணுக்கள் பந்தயத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.