பாவும் மூட்டும்

புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டைப் பிள்ளையார்பாளைய நெசவாளர்கள் குழித்தறியில் அமர்ந்து நெய்கின்றனர். பாவு தளர்ந்தால் நெசவு கெடும். மிகையாக இறுகினால் இழை அறும். மூட்டின் இயல்பும் அத்தகையதே.

எலும்புகளைப் பிணைக்கும் நார்களுக்குக் கொலாஜன் என்னும் புரதம் உறுதி தருகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அப்பிணைப்பு நெகிழ்ந்திருப்பதால், மூட்டுகள் இயல்பை மீறி வளைகின்றன. இளமையில் பிறர் வியக்கும் அந்நெகிழ்ச்சி, பின்னாளில் வலியைத் தரக்கூடும். தளர்ந்த மூட்டை ஓயாது தாங்கும் தசைகள் சோர்ந்து இறுகுகின்றன. முதுமையில் நார்களும் விறைக்கின்றன. நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால் அவ்விறைப்பு மிகுகிறது.

அத்தகையோர் மூட்டை மேன்மேலும் வளைத்துக் காட்டுதல் தகாது. சுற்றியுள்ள தசைகளை முறையான பயிற்சியால் மெல்ல வலுப்படுத்துதலும், பணியின் இடையிடையே எழுந்து நடத்தலுமே நன்று. பாவின்மீது கொள்ளும் கவனத்தை நெய்பவர் தம் உடலின்மீதும் கொள்ளுதல் வேண்டும்.