கால் நொண்டும் கோழியை அறுக்குமுன்



மலைநாட்டு லயமானாலும் சரி, மட்டக்களப்பு வாவிக்கரைத் தென்னந்தோட்டமானாலும் சரி, இரண்டு ஊர்க்கோழி மேயாத வாசல் குறைவு. முட்டை விற்ற காசில்தான் பிள்ளையின் கொப்பி, பென்சில் எல்லாம் வருகிறது. அந்தக் காசு அப்பா கைக்குப் போகாமல் அம்மாவின் முந்தானையில் முடிந்திருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். "அம்மா, நம்ம சிவப்பி காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது" என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால் உடனே கத்தியைத் தேட வேண்டாம். "நொண்டிக்கோழி கறிக்குத்தான் ஆகும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்லுவார். கறி ஒரு நாளைக்கு, முட்டை பல மாதத்துக்கு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இது காயமா, நோயா? இதில் பிழைவிட்டால் ஒரு கோழியோடு போகாது, வளவில் உள்ள அத்தனையும் போகும். காயம் என்றால் அநேகமாக ஒரு கால்தான் நொண்டும். கண் தெளிவாக இருக்கும், தீன் போட்டால் கொத்தும். இரண்டு மூன்று கோழிகள் ஒரே நேரத்தில் சோர்ந்து, பச்சையாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, கழுத்தை முறுக்கினால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். இந்தியாவின் மலை நகரம் ஒன்றின் பெயர்தான் இந்த நோய்க்கு வந்தது. வந்த பிறகு மருந்து இல்லை, முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. வளர்ந்து வரும் இளங்கோழி ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிப் படுத்தால் மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். ஹங்கேரி நாட்டு மிருக வைத்தியர் யோசெப் மாரெக் 1907இல் இதை விவரித்தார். இதற்கும் சிகிச்சை கிடையாது. குஞ்சு பொரித்த முதல் நாளே ஊசி போட வேண்டும், ஆகவே குஞ்சு வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். நோய் என்று சந்தேகம் வந்தால் அந்தக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்காதீர்கள். உங்கள் வீட்டுச் சாவு அடுத்த ஊருக்கும் போகும்.

காயம்தான் என்று தெரிந்தால், கோழியைப் பிடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். நாம் வழக்கமாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவோம். நோவுள்ள காலுக்கு அது கொலைக்குச் சமம். ஒரு பழைய துவாயால் சிறகோடு சேர்த்துச் சுற்றி, தலையை மெல்ல மூடிவிட்டால் சாதுவாக இருக்கும். நெஞ்சை மட்டும் அழுத்தக்கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை; நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே செத்துப்போகும்.

வாவிக்கரையில் நான் அதிகம் சந்தேகிப்பது தங்கூசியைத்தான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்ட வாவி, கரை முழுக்க மீன், இறால், நண்டு பிடிக்கிற சனம். கிழிந்த வலைத்துண்டும் தூண்டில் நூலும் மணலில் கிடக்கும். கோழி கிளறுகிற பிராணி. நூல் விரலில் சுற்றும், நடக்க நடக்க இறுகும். இரண்டு நாளில் தோலுக்குள் புதைந்துவிடும். பிறகு வீக்கம்தான் தெரியும், நூல் தெரியாது. "சுளுக்கு" என்று எண்ணெய் தடவிக்கொண்டு இருப்போம், விரல் கறுத்துப்போகும். வீங்கிய காலை வெளிச்சத்தில் வைத்து விரல் இடுக்கெல்லாம் பாருங்கள். கொதித்து ஆறிய இளஞ்சூட்டு நீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு, காலைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். நெருப்பில் காட்டி ஆறிய ஊசியால் நூலை மெல்லத் தூக்கி, சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். இழுத்தால் சதையையும் அறுக்கும். விரல் ஏற்கனவே கறுத்துக் காய்ந்திருந்தால் வெட்டப் போகாதீர்கள், தானாக விழும். விரல் ஒன்று குறைந்த கோழி நன்றாகவே வாழும். நாற்றமடித்தால் மட்டும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

மலைநாட்டில் ஈரத்தால் வருவது பாதக்கட்டி. உள்ளங்காலில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம். ஈச்ச முள்ளோ கண்ணாடித் துண்டோ கீறிய இடத்தில் கிருமி போய்ச் சீழ் கட்டுகிறது. உயரத்திலிருந்து அடிக்கடி குதிக்கும் கனத்த கோழிக்கும் வரும். அதே உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, அயடின் மருந்து தடவி, சுத்தமான துணியால் கட்டி, கட்டைத் தினமும் மாற்றுங்கள். உள்ளே கட்டி கல்லாகிவிட்டால் வைத்தியர்தான் திறக்க வேண்டும். இந்தக் கிருமி நம் கைக்காயத்திலும் தொற்றும், சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

முறிவு என்றால்? செதிள் உள்ள கீழ்க்கால் முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால் வீட்டில் கட்டலாம். காலைப் பஞ்சால் சுற்றி, இரு பக்கமும் மெல்லிய மூங்கில் சீவலை வைத்து, பிளாஸ்டரால் சுற்றுங்கள். சீவல் முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் தாண்டியிருக்க வேண்டும். காலையும் மாலையும் விரலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்து அல்லது வீங்கிப் போயிருந்தால் கட்டு இறுக்கம், உடனே தளர்த்துங்கள். சுமார் மூன்று வாரத்தில் எலும்பு கூடும். எலும்பு வெளியே தெரிந்தாலோ தொடையில் முறிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். வைத்தியர் முடியாது என்று சொன்னால் அதை வதைக்காமல் முடித்துவிடுவதே இரக்கம். பிள்ளைக்கும் அதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நொண்டிக்கோழி அநேகமாகக் காயத்தால் சாவதில்லை. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு நடக்க முடியாமல்தான் சாகிறது. இரத்தச் சிவப்பைக் கண்ட மற்றக் கோழிகளும் கொத்தும். ஆகவே கரப்பைக் கவிழ்த்து, நிழலில், காய்ந்த வைக்கோல் மூன்று அங்குலம் போட்டுத் தனியே வையுங்கள். ஏறி நிற்கக் கம்பு வேண்டாம். தீனும் தண்ணீரும் கழுத்து எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்குக் கால் லீற்றர் தண்ணீராவது வேண்டும், கச்சான் காற்று வீசும் நாளில் இன்னும் கூடும். குறுணலோடு கீரையும், வாவியில் பொறுக்கிய மட்டி ஓட்டை உப்புப் போகக் கழுவி இடித்த தூளும் வையுங்கள். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. தீனில் அது கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும், பிறகு அடிபடாமலே கால் தளரும்.

காலில் செதிள் தூக்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அது சொறிப் பூச்சி. மண்ணெண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு, அது தோலைச் சுடும். தேங்காயெண்ணெயைத் தினமும் கட்டியாகப் பூசினால் பூச்சி மூச்சடைத்துச் சாகும். பழைய செதிள் விழுந்து கால் பழையபடி ஆகச் சில மாதம் எடுக்கும்.

வீட்டில் மிஞ்சிய மனிதருக்கான நோவுக் குளிசையை, கிருமிக் குளிசையை ஊட்டாதீர்கள். வைத்தியர் மருந்து தந்தால் "எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக்கூடாது?" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பிரதேசத்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போகும்போது கோழியைக் காற்றோட்டமான கடகத்தில் வைத்து, எப்போது நொண்டத் தொடங்கியது, மற்றக் கோழிகள் எப்படி, என்ன நிறத்தில் கழிகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கோழியை வளர்த்த பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அதைப் பற்றி வீட்டில் அதிகம் தெரிந்தது அந்தப் பிள்ளைக்குத்தான்.