பவளப்பாறைகளுக்குச் சாட்சி சொல்வார் யார்?



பள்ளிக்கூட விடுமுறை நெருங்குகிறது. நம் பங்கில் அநேகக் குடும்பங்கள் தூத்துக்குடி, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பிழைக்க வந்தவை. விடுமுறையில் ஊருக்குப் போவீர்கள். பிள்ளைகளைக் கடற்கரைக்கும் அழைத்துப் போவீர்கள். புறப்படுமுன் இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்களாக. பூந்தமல்லியில் குடியிருக்கும் நமக்கும் கடலுக்கடியில் கிடக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் உண்டு.

பவளப்பாறை என்பது என்ன?

பெயர்தான் பாறை, உண்மையில் அது உயிருள்ள ஒரு பெரிய குடியிருப்பு. பவளப் பூச்சி என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்த சின்னஞ்சிறு ஜீவன்கள் கோடிக்கணக்கில் ஒன்றையொன்று ஒட்டி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பினால் ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. பழைய கூட்டின்மேல் புதிய கூடு எழும்பி, நூற்றாண்டுகள் கழியும்போது அது ஒரு மதிலைப்போல் கடலுக்குள் நிற்கிறது.

அந்தப் பூச்சியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு ஆக்கி, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியினால் வருவதே. உலகக் கடலடிப் பரப்பில் 100க்கு 1 பங்குகூட இப்பாறைகள் இல்லை. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இவற்றை அண்டியே பிழைக்கின்றன. நம் வீட்டுக்கு வரும் மீனில் எத்தனையோ வகை குஞ்சாக இருக்கையில் ஒளிந்து வளர்ந்த இடம் இதுதான்.

இப்போது அதற்கு வந்த ஆபத்து யாது? கோடையின் வழக்கமான உச்ச உஷ்ணத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகி, அது சில வாரம் நீடித்தால் போதும். பூச்சி தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. இதை வெளுப்பு என்கிறார்கள். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. அது பட்டினி கிடக்கிறது. நீர் குளிர்ந்தால் பிழைக்கலாம், குளிராவிட்டால் சாகும்.

நம் சீமையில் நடந்தது

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை ஏறக்குறைய 140 கிலோமீட்டர் நீளத்துக்கு மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்த இடங்களுக்கும் அதே பெயர்தான். அர்ச். சவேரியார் 1542ல் வந்திறங்கிய முத்துக்குளித்துறை அதே கரை. நம்மில் சிலருடைய பாட்டன் பூட்டன்மார் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றிருக்கவும் கூடும்.

அந்தக் கரையில் வெகுகாலம் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். வீடு கட்டவும், சுட்டுச் சுண்ணாம்பாக்கவும், ஆலைகளுக்கு மூலப்பொருளாகவும் அது படகு படகாகக் கரையேறிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கு மேல் இல்லை. அரணாயிருந்த பவளத்தை வெட்டியதே அவை அமிழ்ந்ததற்கு முக்கிய காரணம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவும் வெகுவாகக் கரைந்துபோயிற்று. 2015 முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காக்க வேண்டியதாயிற்று. 1986ல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001ல் பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமானமான இடத்தில் சேர்க்கப்பட்டது.

வெட்டுவது நின்றது. ஆனால் உஷ்ணத்துக்குச் சட்டம் தெரியாதே! 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பெரும் வெளுப்பு உண்டாயிற்று. உயிருள்ள பவளம் பாறைப் பரப்பில் 100க்கு ஏறக்குறைய 39 பங்காக இருந்தது, ஏறக்குறைய 23 பங்காகக் குறைந்தது. ஒரே கோடையில் நடந்தது இது. பிறகு 2023ல் தொடங்கிய உலகளாவிய வெளுப்பில், உலகப் பவளப்பாறைப் பரப்பில் 100க்கு 80க்கு மேல் உஷ்ணத்தின் அடி பட்டது.

இந்த 39, 23 என்ற எண்கள் நமக்கு எப்படித் தெரிந்தன? தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதற்கு முன்பே, எல்லாம் நலமாயிருந்த வருஷங்களிலும், நீரில் மூழ்கி எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். நல்ல நாளில் எழுதிவைத்த கணக்கு இல்லாவிட்டால், கெட்ட நாளில் என்ன போயிற்று என்று யாரால் சொல்ல முடியும்?

சாதாரண மனிதனுக்கு இதில் என்ன வேலை?

கடல் பெரிது, விஞ்ஞானிகள் கொஞ்சம் பேர். வானத்திலுள்ள செயற்கைக்கோள் நீரின் உஷ்ணத்தைச் சொல்லும். ஆனால் இந்தப் பவளம் வெளுத்ததா, பிழைத்ததா என்று சொல்ல, ஒருவர் முகத்தை நீருக்குள் வைத்துப் பார்த்தாக வேண்டும். ஆகையால் படிப்பாளி அல்லாதவர்களும் ஒரே முறையில் பார்த்து, ஒரே முறையில் எழுதி அனுப்பும் வழிகளை ஏற்படுத்தினார்கள். இதற்குக் குடிமக்கள் விஞ்ஞானம் என்று பெயர்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2002ல் ‘கோரல் வாட்ச்’ என்ற முயற்சிக்காக ஒரு நிற அட்டை செய்தார்கள். நனையாத அட்டை, அதில் நாலு நிற வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் மிக வெளிறியதிலிருந்து மிக அடர்ந்தது வரை 1 முதல் 6 எண்கள். தொண்டர் ஏதேனும் ஒரு பவளத்தைத் தெரிந்துகொண்டு, தொடாமல், அட்டையைப் பக்கத்தில் பிடித்து, அதன் மிக வெளிறிய பாகத்துக்கு ஓர் எண்ணும் மிக அடர்ந்த பாகத்துக்கு ஓர் எண்ணும் குறிக்கிறார். அது உருண்டையா, கிளையா, தட்டா, மிருதுவானதா என்றும் எழுதுகிறார். இவ்வளவே. பள்ளிப் பிள்ளையும் செய்யலாம். ஒருவர் குறிப்பு அற்பமாகத் தோன்றும். அதே இடத்தில் வருஷா வருஷம் பலர் எழுதும்போது, பாறையின் நோயும் சுகமும் வைத்தியனுடைய குறிப்பேட்டில்போல் தெரிந்துவிடும்.

எட்டாம் கற்பனையும் இந்த வேலையும்

தொழிற்பேட்டையில் வேலை செய்யும் சகோதரர்களுக்கு நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். நூறு உருப்படியில் ஐந்தை வெர்னியர் வைத்து அளந்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது விதி. ஷிப்டு முடிகிற அவசரத்தில் அளக்காமலே ‘சரி’ என்று ஐந்து முறை எழுதிவிட்டுப் போகிறவன் யாரையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அந்த ரிஜிஸ்டரை நம்பி அனுப்பிய உருப்படி எங்கோ ஒரு வண்டியின் பிரேக்கில் உட்கார்ந்திருக்கும். காணாததைக் கண்டதாக எழுதுவது பொய்ச்சாட்சி. எட்டாம் கற்பனை நியாயஸ்தலத்துக்கு மட்டும் உரியதன்று.

பவளத்துக்குச் சாட்சி சொல்பவனுக்கும் சோதனைகள் இவையே. அழகான பவளத்தையே தேடிப்போய் எழுதத் தோன்றும். வெளுத்ததைக் கண்டு பரிதாபப்பட்டு, எண்ணைக் கூட்டிச் சொல்லத் தோன்றும். ஒன்றும் மாறவில்லையென்றால், ‘இதில் எழுத என்ன இருக்கிறது’ என்று விட்டுவிடத் தோன்றும். மூன்றும் தவறு. ஒன்றும் மாறவில்லை என்பதும் ஒரு சாட்சியமே. நாளைக்கு மாறும்போது அதுதான் அளவுகோல்.

என் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குருமட மாணவனாக இருந்தபோது தோழர்களோடு இராமேசுவரம் பக்கம் போயிருந்தேன். கடல் வற்றியிருந்த நேரம். முழங்கால் நீரில் பழுப்பு நிறப் பாறைமேல் ஏறி நின்று, கரையிலிருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டேன். காலடியில் அப்பளம் நொறுங்குவதுபோல் ஒரு சத்தம். கல் உடைகிறது என்று நினைத்துச் சிரித்தேன். அது உயிர் என்று வெகுநாள் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அங்கே எத்தனை வருஷத்து வளர்ச்சியை மிதித்தேனோ, சர்வேசுரனுக்கே வெளிச்சம். தெரியாமல் செய்தேன், தெரிந்தபின் உங்களுக்குச் சொல்லாதிருந்தால் அது வேறு குற்றம்.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015ல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ நிருபத்தில், பவளப்பாறைகளைத் தரையிலுள்ள பெருங்காடுகளுக்கு ஒப்பிட்டு, அவற்றின் அழிவைப் பற்றி வருந்தி எழுதினார். அவ்விடத்தில் பிலிப்பைன் நாட்டு ஆயர்கள் 1988ல் எழுதிய நிருபத்தையும் எடுத்துக் காட்டினார். ஆகவே இது நமக்குப் புறம்பான விஷயமன்று.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது: பவளத் துண்டை வாங்காதீர்கள், பொறுக்காதீர்கள், மிதிக்காதீர்கள். அலமாரி அலங்காரத்துக்காக வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது: தேசியப் பூங்காத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிப் போகலாகாது, தொண்டு என்ற பெயரிலும் போகலாகாது. ஊரிலுள்ள உங்கள் மீனவ உறவினரிடம் பேசுங்கள். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் ஒருவகை நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இப்படிப்பட்டதை முதலில் காணக்கூடியவர்கள் அன்றாடம் கடலுக்குப் போகிறவர்களே. நாளையும் இடத்தையும் குறித்து, படம் எடுத்து, வனத்துறைக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ தெரிவிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது: மாலத்தீவிலும் அந்தமானிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே பயிற்சியாளரோடு நீரில் இறங்கும் வாய்ப்பு இருந்தால், நிற அட்டையைக் கையில் கொண்டு போகட்டும்.

நாலாவது: நீச்சல் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் எடுத்த படங்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்த்து, பவளத்தை அடையாளம் காட்டும் ‘கிரேட் ரீஃப் சென்சஸ்’ என்ற கணக்கெடுப்பு 2020ல் தொடங்கிற்று. விளையாட்டில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வாலிபர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் இப்படிக் கொடுக்கலாமே.

ஐந்தாவது: எண்ணும் பழக்கத்தை இங்கேயே தொடங்கலாம். தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அம்பத்தூர் ஏரிக்கரையில் கால் மணி நேரம் நின்று, கண்டதைக் கண்டபடி எழுதும் பிள்ளை, ஒருநாள் கடலையும் அப்படியே பார்க்கும்.

எண்ணினால் கடல் குளிர்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். குளிராது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து எழுப்பிய உஷ்ணம் குறைய நாடுகளும் வீடுகளும் மனந்திரும்ப வேண்டும். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரியாத மனிதன் மனந்திரும்பமாட்டான். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஆத்தும சோதனை முந்திவருவதுபோல, இந்தக் கணக்கு முந்திவர வேண்டும்.

வீட்டில் கேட்டுப் பேச

1. பவளம் வெளுப்பதற்கும் சாவதற்கும் வித்தியாசம் என்ன?
2. இரண்டு தீவுகள் மறைந்ததில் மனிதன் பங்கு யாது?
3. ‘ஒன்றும் மாறவில்லை’ என்று எழுதுவதால் பிரயோசனம் உண்டா?
4. நம் வேலையில், படிப்பில், பார்க்காமலே ‘சரி’ என்று எழுதிய நாள் உண்டா?

நாலாவது கேள்விக்குப் பெரியவர்கள் முதலில் பதில் சொல்வார்களாக. விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளைகள், கடற்கரையில் கண்டதை ஒரு தாளில், நாளும் இடமும் போட்டு எழுதி, ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் கொடுக்கலாம். ஒரு வரியானாலும் போதும். கண்டதாக மட்டும் இருக்கட்டும்.

உங்கள் பங்கு சுவாமி